பிரிந்த ஓட்டைக் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள்

தேர்தல் நெருங்கினால் ராமேஸ்வரத்திலிருந்து தொண்டி வரைக்கும் மைக்கும் செல்போனுமாகத் தம்பிகளும் தங்கைகளும் கிளம்பிவிடுகிறார்கள். ஒருவர் உள்ளூர் யூடியூப் சேனல், ஒருவர் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர், இன்னொருவர் கட்சிக்காரர்களுக்குக் களநிலவரம் எடுத்துக் கொடுப்பவர். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகள் அவர்கள் எழுத்தில் வரிசையாக வருகின்றன. வேட்பாளர் இனிஷியலை மாற்றுவது, வாக்குச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். டெஸ்க்கில் ஒரு திட்டு வாங்கினால் அதெல்லாம் சரியாகிவிடும். கட்சியையும் அதன் அணிகளையும் பற்றிய தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

இரண்டு கட்சி என்றால் இரண்டு சின்னம் என்று நினைப்பது

1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகும் தி.மு.க. அல்லது அ.தி.மு.க.தான் ஆட்சி அமைத்தது. இதை வைத்துக்கொண்டு, எந்தத் தொகுதிக்குப் போனாலும் உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும்தான் போட்டி என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியைப் பாருங்கள். 2019-ல் முதல் இரண்டு இடம் தி.மு.க. கூட்டணியின் ஏணிக்கும் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் தாமரைக்கும். அந்த இயந்திரத்தில் சூரியனும் இல்லை, இலையும் இல்லை. 2024-ல் முதல் இரண்டு இடம் ஏணிக்கும், சுயேச்சையாக நின்ற ஓ.பன்னீர்செல்வத்தின் பலாப்பழத்துக்கும். இரட்டை இலை நின்றது, ஆனால் மூன்றாவதாக வந்து டெபாசிட்டை இழந்தது.

இரு கட்சி அரசியல் இங்கே கூட்டணி வழியாக நடக்கிறது. இரண்டு பெரிய கட்சிகள் இரண்டு பக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு பக்கமும் எந்தத் தொகுதியை யாருக்குக் கொடுப்பது என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. அதனால் "ராமநாதபுரத்தில் தி.மு.க. வென்றது" என்று எழுதினால் தவறு. இரண்டு முறையும் வென்றவர் நவாஸ்கனி. கட்சி இந்திய யூனியன் முஸ்லிம் லீக், சின்னம் ஏணி. தி.மு.க. தன் சொந்தச் சின்னத்தில் இந்தத் தொகுதியைக் கடைசியாக எடுத்தது 2009-ல். அ.தி.மு.க. எடுத்தது 2014-ல்.

இதற்கு நேரெதிரான கதை திருவாடானையில் நடந்தது. 2016-ல் அங்கே நின்ற கருணாஸ் தனி அமைப்பின் தலைவர். ஆனால் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். சட்டமன்றத்தில் அவர் அ.தி.மு.க. உறுப்பினராகத்தான் கணக்கில் வந்தார், அந்தக் கட்சியின் கொறடா உத்தரவு அவருக்கும் பொருந்தும். ஒருவர் எந்த அமைப்பின் தலைவர் என்பதைக் கேட்டுவிட்டு, எந்தச் சின்னத்தில் நின்றார் என்பதைக் கேட்காமல் வந்துவிடக் கூடாது.

"மூன்றில் ஒரு பங்கு போதும்"

போதாது. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது, சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவிக்கு ஆபத்து இல்லை என்று இருந்தது. 2003-ல் 91-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது இருப்பது இணைப்புக்கான பாதுகாப்பு மட்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இன்னும் பழைய கணக்கை வைத்து "இத்தனை எம்.எல்.ஏ. வந்துவிட்டால் அணி தப்பித்துவிடும்" என்று வீடியோ போடுகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த, அ.தி.மு.க.வுக்குள் டி.டி.வி. தினகரன் அணியாக நின்ற எம்.எல்.ஏ.க்கள் 18 பேரில் பரமக்குடி உறுப்பினரும் ஒருவர். அவர்கள் கட்சி மாறவில்லை. முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். அதையே கட்சியைத் தானாக விட்டுவிட்டதற்குச் சமமாக எடுத்துக்கொண்டார்கள். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, 2019-ல் பரமக்குடிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஆனால் அதே 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராகவே வாக்களித்த ஓ.பி.எஸ். (ஓ.பன்னீர்செல்வம்) அணியின் 11 பேர் பதவியில் தொடர்ந்தார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்து எழுதினால் இந்த இரண்டையும் விளக்கவே முடியாது. பேரவைத் தலைவர் எப்போது, யார் மீது நடவடிக்கை எடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிளவுக்குக் கொள்கைக் காரணம் தேடுவது

முதலில் பொதுக்குழுவில் யாருக்கு எத்தனை பேர் என்று பாருங்கள்.

பிரிந்த ஓட்டைக் கூட்டுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது எழுதியவரோடு நிற்பதில்லை.

2019 கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஏணி 4,69,943. தாமரையில் நின்ற நயினார் நாகேந்திரன் 3,42,821. பரிசுப் பெட்டியில் நின்ற, தினகரனின் அ.ம.மு.க. (அம்மா மக்கள் முன்னேற்றக் கழகம்) வேட்பாளர் 1,41,806. வித்தியாசம் 1,27,122 என்பதால், முடிவு வந்த அன்றைக்கே எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: அ.ம.மு.க. பிரிக்காமல் இருந்திருந்தால் அ.தி.மு.க. கூட்டணி ஜெயித்திருக்கும். கூட்டினால் 4.84 லட்சம் வருகிறதே, அப்புறம் என்ன?

அப்புறம்தான் எல்லாமே. அந்த 1.41 லட்சம் பேரை ஒரே பையில் போட்டு எண்ண முடியாது. அதில் தகுதிநீக்கத்தால் கொதித்துப் போயிருந்த பழைய அ.தி.மு.க.காரர்கள் உண்டு. இலைக்குப் போட்டுப் பழகி, அம்மா போன பிறகு யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றவர்கள் உண்டு. அவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு: எஸ்.டி.பி.ஐ. அந்தத் தேர்தலில் அ.ம.மு.க. கூட்டணியில் இருந்தது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று முஸ்லிம்கள் நிறைய வாழும் இந்தக் கடற்கரையை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். வாக்குப்பதிவு முடிந்த வாரத்தில் கீழக்கரை டீக்கடையில் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் பெரியவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தம்பி கேட்டான், "எலைக்குப் போடுற ஆளுதானே காக்கா நீங்க, இந்தத் தடவ மட்டும் ஏன் பொட்டிக்குப் போட்டீங்க?" அவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "எல நின்னா எலைக்குப் போட்டிருப்பேன் தம்பி. தாமரைக்குப் போடச் சொன்னா எப்புடிப் போடுறது? பொட்டியும் இல்லேன்னா ஏணிதான்." அந்தத் தம்பி அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. அவன் கணக்கில் அந்த ஓட்டு 'பிரிந்த அ.தி.மு.க. ஓட்டு' என்றுதான் போனது.

கணக்கையே சரியாகப் போட்டுப் பார்ப்போம். 1.41 லட்சத்தை வைத்து 1.27 லட்சம் இடைவெளியை அடைக்க, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் தாமரைக்கு வர வேண்டும். மீதி ஒருவர் வாக்களிக்காமல் வீட்டில் இருந்தால்தான் இதுவும் நடக்கும். அந்த ஒருவர் ஏணிக்குப் போய்விட்டால் இந்தப் பக்கம் ஒன்பது ஏறும்போது அந்தப் பக்கம் ஒன்று ஏறும். நிகரமாக எட்டுதான், அதாவது 1.13 லட்சம். இடைவெளி அடையவில்லை. பத்தில் ஒரே ஒருவர் இப்படி யோசித்திருந்தாலே 'ஒன்றாக நின்றிருந்தால் வெற்றி' என்பது பொய்த்துவிடும். கீழக்கரையில் அந்த ஒருவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2024-ல் இதே கேள்விக்குத் தேர்தலே பதில் சொன்னது. அ.ம.மு.க. பா.ஜ.க. பக்கம் போனது. எஸ்.டி.பி.ஐ. அதோடு போகவில்லை, அ.தி.மு.க. கூட்டணிக்கு வந்தது. பா.ஜ.க. ஆதரவோடு ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழத்தில் நின்றார். அவருக்குக் கிடைத்தது 3,42,882. ஐந்து வருடத்துக்கு முன்னால் நயினாருக்குக் கிடைத்ததைவிட வெறும் 61 ஓட்டு அதிகம். இதைப் பார்த்துவிட்டு "அந்தப் பக்கத்தின் நிலையான ஓட்டு 3.42 லட்சம்" என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். தொகை ஒன்றுதான், ஆட்கள் வேறு. 2019-ல் அந்தத் தொகைக்குள் இரட்டை இலைக்காரர்களின் முழு உழைப்பும் இருந்தது, அ.ம.மு.க. எதிரே நின்றது. 2024-ல் இலை எதிரே நின்றது, அ.ம.மு.க. உள்ளே இருந்தது, அதற்கு மேல் ஓ.பி.எஸ். என்ற முன்னாள் முதலமைச்சரின் சொந்தச் செல்வாக்கும் இருந்தது.

சரி, அந்த 2024 முடிவையாவது ஒழுங்காகக் கூட்டினார்களா? ஏணிக்கு 5,09,664. பலாப்பழத்தோடு அ.தி.மு.க.வின் 99,780-ஐ அப்படியே சேர்த்தாலும் 4.42 லட்சம்தான். இன்னும் 67 ஆயிரம் குறைகிறது. ஆனாலும் எண்ணிக்கை முடிவதற்குள்ளேயே "அணிகள் பிரிந்ததால் தோல்வி" என்ற தலைப்போடு ஒரு தம்பியின் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் ஒரு வாசகர் போன் போட்டு, கூட்டல் கணக்கைச் சொல்லி, இது எப்படி என்று கேட்டார். பதில் சொல்ல அந்தத் தம்பியிடம் ஒன்றும் இல்லை. கூட்டிப் பார்க்கக் கூடாது என்கிறேன், அவன் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'பிளவுதான் தோல்விக்குக் காரணம்' என்ற முடிவு அவன் மனதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

பெரியவர்கள் இதற்கு 1989-ஐக் காட்டுவார்கள். எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்று, முதல் அணி 27 இடம் பெற்றது, இரண்டாவது அணி ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது, உடனே மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. ஜெயித்தது. உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு அணிகள் சேர்ந்து இரண்டு தலைமையோடு நிற்கவில்லை. ஜானகி அம்மையார் அரசியலை விட்டே விலகினார். தொண்டனுக்கு ஒரே தலைவர், ஒரே சின்னம் என்று ஆனது. 2017 ஆகஸ்டில் இணைந்த ஓ.பி.எஸ்., இ.பி.எஸ். (எடப்பாடி பழனிசாமி) இருவரும் அப்படி இல்லை. இருவரும் தங்கள் ஆட்களோடு உள்ளே இருந்தார்கள், ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று பதவியைப் பங்கிட்டார்கள், 2022 ஜூலை பொதுக்குழுவில் மறுபடியும் பிரிந்தார்கள். இணைப்பு என்ற ஒரே தலைப்பில் இந்த இரண்டையும் போட்டால் படிக்கிறவர் ஏமாந்துபோவார்.

இதில் காசு போன கதையும் உண்டு, என் கோபம் அங்கிருந்துதான் வருகிறது. தேவிபட்டினம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், நாட்டுப்படகில் பங்கு வைத்திருப்பவர், 2019 மே மாத முடிவு வந்ததும் தன் ஊர் வாக்குச்சாவடிகளில் அ.ம.மு.க.வுக்கு நல்ல ஓட்டு விழுந்திருப்பதைப் பார்த்தார். களநிலவரம் எடுக்கும் தம்பி ஒருவன் அதை எடுத்து, அதோடு அதிருப்தி அ.தி.மு.க. ஓட்டில் பாதியைக் கூட்டி, சொந்தக்காரர் ஓட்டையும் சேர்த்து, கம்ப்யூட்டரில் அடித்த தாளாகக் கொடுத்துவிட்டுப் போனான். கீழே தடித்த எழுத்தில் மொத்தம். அந்தத் தாளை நம்பி அவர் டிசம்பரில் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சைச் சின்னத்தில் நின்றார். வீட்டம்மா நகை அடகுக்குப் போனது. மே மாதம் விழுந்ததில் பாதிகூட வரவில்லை. எம்.பி. தேர்தலில் பெட்டிக்குப் போட்டவர்கள் உள்ளாட்சியில் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருபவரைப் பார்த்துப் போட்டார்கள். அந்தத் தம்பி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. அவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அந்தத் தாளை மடித்து எடுத்து வந்து காட்டி, "இதுல எதுண்ணே தப்பு?" என்றார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

ஆகவே, கூட்டுவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். அணிக்கு அந்தத் தேர்தலில் யார் கூட்டணி? எதிரே இருந்த சின்னம் தாய்க்கட்சியின் சின்னமா, கூட்டணிக் கட்சியின் சின்னமா? அந்த ஊரில் அணிக்கு வேலை செய்த ஆள் இன்னும் அதே அணியில் இருக்கிறாரா? இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் பழைய எண்ணிக்கையை அப்படியே எடுக்க முடியாது. வாக்குச்சாவடி வாரியான படிவம் 20-ஐ எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: வாக்காளர் கூடினால் சாவடி பிரியும், எண் மாறும். 2019-ல் 112 என்று இருந்த சாவடி அடுத்த தேர்தலில் வேறு தெருவாக இருக்கலாம். எண்ணை வைத்து ஒப்பிடாமல் வாக்காளர் பட்டியலின் பாகத்தில் உள்ள தெருப் பெயரை வைத்து ஒப்பிடுங்கள்.

ஊர்வலத்தைப் பார்த்துச் சின்னத்தை முடிவு செய்வது

கூட்டத்தின் நீளம் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்கில்லை. 1968 சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியின்படி, கட்சி நிர்வாகிகளிடமும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் மூட்டை மூட்டையாகப் பிரமாணப் பத்திரம்தான். 2017 மார்ச்சில் முடங்கிய இரட்டை இலை நவம்பரில் இ.பி.எஸ்., ஓ.பி.எஸ். தரப்புக்குப் போனது. அடுத்த மாதமே ஆர்.கே.நகரில் குக்கரில் நின்ற தினகரன் அந்த இலையைத் தோற்கடித்தார். சின்னம் கிடைத்தவர் ஜெயித்துவிடுவார் என்று எழுதுவதும் இதனால்தான் தவறு.

பேனரைப் படிக்காமல் பேட்டி எடுப்பது

உள்கட்சி அணி என்றாலே அ.தி.மு.க. என்று ஆகிவிட்டது. தி.மு.க.விலிருந்து பிரிந்ததில் பெரியவை என்றால் 1972-ல் எம்.ஜி.ஆரும் 1993-94-ல் வைகோவும். மற்றபடி அங்கே சண்டை வெளியே வருவதில்லை. மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், எம்.எல்.ஏ. என்று உள்ளேயே நடக்கிறது. யாரிடம் மைக்கை நீட்டினாலும் "தலைமை சொல்றதுதான் எங்களுக்கு" என்பார்கள்.

அதனால் பேனரைப் படியுங்கள். மண்டபம் பக்கம் ஒரு காதுகுத்து விழா பேனரைச் சொல்கிறேன். மேல் வரிசையில் தலைவர்கள், எல்லா பேனரிலும் இருப்பது போல. இரண்டாவது வரிசையில் மாவட்டச் செயலாளர் இடது ஓரத்தில் ஸ்டாம்ப் அளவில். நடுவில், அவரைப் போல நான்கு மடங்கு பெரிதாக, அந்த ஒன்றியத்தில் எந்தப் பதவியும் இல்லாத ஒருவர், கும்பிட்டபடி. கீழே வாழ்த்துவோர் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு கிளைச் செயலாளர்கள் பெயர். ஒன்றியச் செயலாளர் பெயர் எங்குமே இல்லை. அந்தப் பெயர்ப் பட்டியலைக் குறித்துக்கொண்டாலே, அடுத்து ஒன்றியப் பதவிக்கு யார் குறிவைக்கிறார், எந்தக் கிளைகள் அவர் பின்னால் என்று தெரிந்துவிடும். ராமநாதபுரத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களிடம் பேசினால் இன்னும் தெரியும். கடைசி நேரத்தில் யார் படத்தை எடுக்கச் சொல்லிப் போன் வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கடற்கரை முழுக்க ஒரே ஓட்டு என்று நினைப்பது

விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் கடலிலேயே தகராறு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகுச் சங்கத் தலைவர் சொன்னதை எடுத்து "மீனவர்கள் முடிவு" என்று போட்டால், பாம்பனிலும் மோர்ப்பண்ணையிலும் சிரிப்பார்கள். கச்சத்தீவும் அப்படித்தான். 1974 ஒப்பந்தம் போடப்பட்டபோது மாநிலத்தில் யார் ஆட்சி, மத்தியில் யார் ஆட்சி என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவர் மாற்றி ஒருவர் மேடையில் சொல்கிறார்கள். இறங்குதளத்தில் நின்று கேட்டால் டீசல் மானியம், பிடிபட்ட படகு, தடைக்கால நிவாரணம் என்றுதான் பேச்சு தொடங்கும். 2024-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது ஏப்ரல் 15. விசைப்படகெல்லாம் கரையில், அந்த ஆட்கள் எல்லாம் ஊரில். பேச ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தொகுதியும் மாவட்டமும்

ஒன்றல்ல. ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம், திருச்சுழி விருதுநகர் மாவட்டம்.

ஒரே பெயரில் பலர்

2024-ல் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் முன்னாள் முதலமைச்சரைத் தவிர வேறு பல சுயேச்சைகளும் நின்றார்கள். அவசரத்தில் ஒருவருக்கு விழுந்த ஓட்டை இன்னொருவர் கணக்கில் எழுதுவது எளிது. சுயேச்சையைப் பற்றி எழுதும்போது பெயர், தகப்பனார் பெயர், வாக்குச்சீட்டில் உள்ள வரிசை எண், சின்னம் என்ற நான்கையும் முதல் நாளே நோட்டில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் மையத்தில் ஒலிபெருக்கி பெயரை மட்டும் சொல்லும்போது, வரிசை எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகே டெஸ்க்குக்குப் போன் போடுங்கள்.